ஊருக்கு என்ன செய்தார் இரா. செழியன்?

போன மாதம் சொந்தத்தில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டு, கும்பகோணம் திரும்ப நானும் சித்தப்பாவும் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். நல்ல வெயில், ஆனால் நிழற்குடை இருந்தது. அதன் நெற்றியில் மஞ்சள் பெயின்ட் அடித்து, நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி, மதிப்பீடு இத்தனை லட்சம், இன்ன ஆண்டு என்று பெரிதாக எழுதியிருந்தது. சித்தப்பா அதை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "எம்.பி.ன்னா இப்படி ஏதாவது ஒண்ணு செய்யணும்ப்பா. நாங்க சைக்கிள்ல கொடி கட்டிக்கிட்டு ஊர் ஊரா அலைஞ்சோமே செழியனுக்கு, அவரு பேரு போட்ட ஒரு செங்கல்லாவது இந்தப் பக்கம் இருக்கா?"

அவர் சொன்னது 1971 தேர்தலை. அப்போது அவருக்குப் பதினெட்டு வயது, ஓட்டுப் போடும் வயது 21 என்பதால் ஓட்டுக் கூட இல்லை, ஆனாலும் அலைந்திருக்கிறார். அந்த ஆதங்கம் நியாயமானது என்றுதான் எனக்குப் பட்டது. ஆனால் அதில் ஏதோ ஒன்று இடிக்கிறது என்றும் தோன்றியது. சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. அதற்கப்புறம் மூன்று வாரமாக ராத்திரியில் உட்கார்ந்து, நாடாளுமன்ற நூலகம் ஸ்கேன் செய்து வைத்திருக்கும் பழைய விவாதங்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் இந்தப் பதிவு.

இரா. செழியன் என்றால் இன்றைக்கு நிறையப் பேருக்கு நாவலர் நெடுஞ்செழியனின் தம்பி என்று சொன்னால்தான் புரியும். அண்ணன் பலமுறை மந்திரி, இடைக்கால முதல்வராகவும் இருந்தவர். தம்பி கடைசி வரை மந்திரி ஆனதில்லை. இருவரும் திருக்கண்ணபுரத்துக்காரர்கள். சௌரிராஜப் பெருமாள் கோயில் இருக்கும் அதே திருக்கண்ணபுரம்தான், நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்று, முனியோதரன் பொங்கல் அங்கே பிரசித்தம். அந்த ஊரிலிருந்து கிளம்பி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்து, திராவிட இயக்கத்துக்குள் வந்தவர்கள் இந்த இரண்டு பேரும். செழியன் பிறந்தது 1923 ஏப்ரல் 28. 1962-இல் பெரம்பலூரிலிருந்து முதல்முறை மக்களவைக்குப் போகும்போது வயது முப்பத்தொன்பதுக்குப் பக்கம்.

அந்த 1962-ஐக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அதற்கு முந்தைய தேர்தலில் தி.மு.க.வுக்கு மக்களவையில் இரண்டே பேர். இந்தமுறை ஏழு. அண்ணா காஞ்சிபுரத்தில் தோற்று, மாநிலங்களவைக்கு வந்திருக்கிறார். எதிரில் நேரு. ஐந்நூறு பேருக்குப் பக்கமாக இருக்கும் ஒரு அவையில், நாட்டைப் பிரிக்க வந்தவர்கள் என்று பலரும் சந்தேகத்தோடு பார்க்கிற ஏழு பேர். கூச்சல் போட்டால் ஒரு நாள் பத்திரிகையில் பெயர் வரும், அடுத்த நாள் மறந்துவிடுவார்கள். இவர்கள் விதிப் புத்தகத்தைப் படித்தார்கள். திருத்தம் கொண்டுவருவது எப்படி, ஒழுங்குப் பிரச்சினை எழுப்புவது எப்படி, கேள்வி நேரத்தில் துணைக் கேள்வியை எந்த இடத்தில் போடுவது என்று கற்றுக்கொண்டார்கள்.

அடுத்த வருஷமே அதற்கு வேலை வந்தது. 1963-இல் ஆட்சிமொழிச் சட்டம். 1965-க்குப் பிறகும் ஆங்கிலம் தொடரும் என்று நேரு 1959-லேயே அவையில் வாக்குக் கொடுத்திருந்தார், ஆனால் மசோதாவில் ஆங்கிலம் "தொடரலாம்" என்றுதான் இருந்தது. "தொடரும்" என்று மாற்றுங்கள் என்பது தி.மு.க.வின் வாதம். இரண்டும் ஒன்றுதான் என்றார் நேரு. இதைப் பள்ளியில் படித்தபோது ஒரு எழுத்துக்கா இத்தனை சண்டை என்று நினைத்திருக்கிறேன். இப்போது விவாதத்தைப் படித்தால்தான் புரிகிறது, வாக்குக் கொடுத்த மனிதர் போய்விடுவார், சட்டத்தில் இருக்கும் எழுத்துதான் நிற்கும் என்ற பயம் அது. பயந்தது போலவே நடந்தது. 1964 மே மாதம் நேரு இறந்தார், 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்பில் தமிழ்நாடு எரிந்தது, அப்புறம் 1967 கடைசியில் சட்டத்தைத் திருத்தினார்கள்.

1967-இல் கும்பகோணம். எங்கள் ஊர்ப் பெயரிலேயே அப்போது ஒரு மக்களவைத் தொகுதி இருந்தது, இப்போது அந்தத் தொகுதியே இல்லை, மறுவரையறையில் மயிலாடுதுறைக்குள் போய்விட்டது. சி.பி. ராமசாமி ஐயரின் மகன் பட்டாபிராமன் இரண்டு முறை ஜெயித்து, மத்திய அரசில் மந்திரிப் பொறுப்பிலும் இருந்த இடம். அவரைத் தோற்கடித்துத்தான் செழியன் போனார். அந்த வருஷம் தி.மு.க.வுக்கு மக்களவையில் 25 பேர். ஏழு பேராகப் போனவர்கள் இருபத்தைந்து பேராகி, காங்கிரஸ் உடைந்த பிறகு இந்திரா காந்தியின் அரசு நிற்பதற்கே இவர்களுடைய ஆதரவு வேண்டியிருந்தது.

1971-இல் மறுபடியும் கும்பகோணம், அதாவது சித்தப்பாவின் சைக்கிள் தேர்தல். அந்தத் தேர்தலுக்குப் பிறகு வந்த ஒரு பொறுப்பைப் பற்றித்தான் நான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊரில் யாரும் அதைப் பேசி நான் கேட்டதில்லை. 1971-லிருந்து 1973 வரை செழியன் பொதுக் கணக்குக் குழுவின் தலைவர்.

இது என்ன குழு என்று சொல்லிவிடுகிறேன். அரசு செலவு செய்யும் பணத்துக்கு நாடாளுமன்றம் அனுமதி கொடுக்கிறது, சரி. கொடுத்த பணம் சொன்ன வேலைக்குத்தான் போனதா, சொன்ன அளவுக்குத்தான் போனதா என்று யார் பார்ப்பது? தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பார்த்து அறிக்கை தருகிறார். அந்த அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு, துறைச் செயலாளர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இந்தப் பத்திக்கு என்ன பதில் என்று கேட்பதுதான் பொதுக் கணக்குக் குழு. மக்களவையிலிருந்து 15 பேர், மாநிலங்களவையிலிருந்து 7 பேர். மந்திரிகள் உறுப்பினராக இருக்கக் கூடாது. வெள்ளைக்காரன் காலத்தில் 1921-லேயே ஆரம்பித்தது. 1967 வரை ஆளுங்கட்சிக்காரர்கள்தான் தலைவர். 1967-இல்தான் எதிர்க்கட்சியிலிருந்து ஒருவரைப் போடும் வழக்கம் வந்தது, முதலில் மினு மசானி, அடுத்து வாஜ்பாய், அவருக்கு அடுத்து செழியன். மாநிலக் கட்சிக்காரர், அதுவும் தேர்தலில் இந்திரா காங்கிரஸோடு கூட்டணி வைத்து ஜெயித்து வந்தவர், அதே இந்திரா அரசின் கணக்கைப் புரட்டிப் பார்க்கும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அந்தக் குழுவின் கூட்டத்துக்குப் பத்திரிகைக்காரர்கள் போக முடியாது, கைதட்டல் கிடையாது. நூற்றுக்கணக்கான பக்கம் படித்துவிட்டு வந்தவருக்குத்தான் அங்கே பேச முடியும், ஏனென்றால் எதிரில் இருக்கும் செயலாளருக்கு அந்தத் துறை தலைகீழ்ப் பாடம். ரயில்வே, பாதுகாப்பு, வருமான வரி, சுங்கம் என்று ஒவ்வொன்றாக வரும். எந்த ஒப்பந்தத்தில் தாமதம், எந்தச் சரக்கு வாங்கிவிட்டுக் கிடங்கில் கிடக்கிறது, எந்த வரி வசூலாகாமல் நின்றுபோனது. குழு அறிக்கை கொடுத்தால் அரசு பதில் சொல்ல வேண்டும், அந்தப் பதில் போதுமா என்று இன்னொரு அறிக்கை வரும். செழியன் பெயர் தலைவர் என்று அச்சான அந்த அறிக்கைகள் இன்றைக்கும் கிடைக்கின்றன. அவற்றைப் படிப்பது சுகமான வாசிப்பு இல்லை, ஆனால் நான் சில ராத்திரிகள் அதைத்தான் படித்தேன், ஒரு குடும்பத்தில் மாசக் கடைசியில் நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகக் கேட்கும் பெரியவர்கள் இருப்பார்களே, அந்த நினைப்புதான் வந்தது.

இன்னொன்றும் நடந்தது அதே காலத்தில். மாநிலங்களுக்கு என்ன அதிகாரம் வேண்டும் என்று ஆராய கலைஞர் அரசு ராஜமன்னார் குழுவை அமைத்தது, 1971-இல் அறிக்கை வந்தது. அதைப் படித்து கட்சியின் நிலையைச் சொல்ல தி.மு.க. போட்ட குழு செழியனும் முரசொலி மாறனும். அவர்கள் எழுதியதன் மேல்தான் 1974 ஏப்ரலில் சட்டமன்றத்தில் மாநில சுயாட்சித் தீர்மானம் வந்தது. ஜி.எஸ்.டி. கூட்டங்களில் இன்றைக்கு மாநிலங்கள் கேட்கும் பல விஷயங்களின் விதை அங்கே இருக்கிறது, அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

எமர்ஜென்சிக்கு வருகிறேன். 1975 ஜூன் 25 ராத்திரி. ஜூலை 21-ஆம் தேதி நாடாளுமன்றம் கூடியபோது எதிர்க்கட்சித் தலைவர்களில் பலர் சிறையில். கேள்வி நேரமே இல்லை என்று ஒரு தீர்மானம் போட்டு எடுத்துவிட்டார்கள். நெருக்கடி நிலைக்கு மக்களவையில் ஒப்புதல் கேட்டபோது ஆதரவு 336, எதிர்ப்பு 59. எதிர்க்கட்சி உறுப்பினர் அவையில் என்ன பேசினார் என்று பத்திரிகையில் போடக் கூடாது, தணிக்கை. ஃபெரோஸ் காந்தி 1956-இல் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து சட்டமாக்கியதுதான் நாடாளுமன்றப் பேச்சை அச்சிடும் பத்திரிகைக்கு இருந்த பாதுகாப்பு, அதையே அந்த வருஷக் கடைசியில் எடுத்துவிட்டார்கள். எடுத்தது ஃபெரோஸின் மனைவி இந்திரா காந்தியின் அரசு.

அந்த நேரத்தில் அவையில் எழுந்து எதிர்த்துப் பேசியவர்களில் செழியனும் ஒருவர். நாளைக்குப் பேப்பரில் வராது என்று தெரிந்து ஒருவர் பேசுகிறார், ஊரில் ஓட்டுப் போட்டவர்களுக்குத் தெரியாது, சித்தப்பாவுக்குத் தெரியாது. பேச்சு போய்ச் சேர்ந்த ஒரே இடம் அவைக் குறிப்பு. சுருக்கெழுத்தாளர் எழுதிக்கொண்டார், அது அச்சாகி அலமாரிக்குப் போனது, இப்போது ஐம்பது வருஷம் கழித்து என் போனில் திறக்கிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31-இல் ஆட்சியைக் கலைத்தார்கள், அப்புறம் மிசா, விசாரணை இல்லாமல் உள்ளே போடும் சட்டம். செழியனோடு மக்களவையில் உட்கார்ந்திருந்த சிட்டிபாபு, சென்னையின் முன்னாள் மேயர், சிறையில் அடிபட்டு 1977 ஜனவரியில் இறந்தார்.

1977-இல் செழியன் தி.மு.க.விலிருந்து விலகி ஜனதா கட்சிக்குப் போனார். சித்தப்பாவின் ஆதங்கத்தில் பாதி இதுதான் என்று எனக்குத் தெரியும், அண்ணா காலத்திலிருந்து இருந்தவர் போய்விட்டாரே என்று. எனக்கு அதில் தீர்ப்புச் சொல்ல விருப்பமில்லை. 1978-லிருந்து 1984 வரை மாநிலங்களவை. அங்கே இருந்தபோதுதான் அரசியல் சட்டத்தின் 44-ஆவது திருத்தம் வந்தது. "உள்நாட்டுக் குழப்பம்" என்று சொல்லி நெருக்கடி நிலையைக் கொண்டுவந்த வழியை அடைத்து, ஆயுதக் கிளர்ச்சி இருந்தால்தான் முடியும், அமைச்சரவை எழுத்தில் கொடுத்தால்தான் முடியும் என்று ஆக்கினார்கள். நாடாளுமன்றப் பேச்சை அச்சிடும் பத்திரிகையின் பாதுகாப்பு, அதைச் சாதாரணச் சட்டமாக விடாமல் அரசியல் சட்டத்துக்குள்ளேயே கொண்டுபோய் வைத்ததும் இந்தத் திருத்தம்தான்.

அதே 1978-இல் ஷா கமிஷன் மூன்று அறிக்கைகளையும் கொடுத்து முடித்தது. எமர்ஜென்சியில் நடந்த அத்துமீறல்களை விசாரிக்க நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் போட்ட கமிஷன். விசாரணை இல்லாமலும் பாதுகாப்பு விதிகளிலும் உள்ளே போட்டவர்கள் 1,10,806 பேர் என்று அதில் கணக்கு இருக்கிறது. 1976-77 ஒரே வருஷத்தில் 81 லட்சத்துக்கு மேல் கருத்தடை அறுவைசிகிச்சை என்று இருக்கிறது. 1980-இல் இந்திரா காந்தி மறுபடியும் ஆட்சிக்கு வந்தார், அதற்கப்புறம் அந்த அறிக்கை புழக்கத்திலிருந்தே போய்விட்டது. கடையில் இல்லை, நூலகத்தில் தேடினாலும் கைக்கு வராது. ஒரு அரசு அச்சடித்த ஆவணம், அடுத்த அரசு காலத்தில் காணவில்லை.

முப்பது வருஷம் கழித்து 2010-இல் அதைத் திரும்ப அச்சுக்குக் கொண்டுவந்தவர் செழியன். தன்னிடம் இருந்த பிரதியை வைத்து, மூன்று அறிக்கைகளையும் ஒன்றாகச் சேர்த்து, முன்னுரை எழுதி, சென்னை ஆழி பதிப்பகம் மூலமாக. அப்போது அவருக்கு வயது 87. பதவி கிடையாது, கட்சி கிடையாது. அந்த அறிக்கையைத் தூக்கிப் போடாமல் இத்தனை வீடு மாறி, இத்தனை மழைக்காலம் தாண்டி வைத்திருந்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு அவர் மேல் இருக்கும் மரியாதை பல மடங்கு கூடுகிறது. எமர்ஜென்சி பற்றி இன்று யார் எந்தப் பக்கம் நின்று எழுதினாலும் அந்தப் பக்கங்களைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள்.

1984 தேர்தலையும் சொல்லாமல் விட முடியாது. இந்திரா காந்தி கொலைக்குப் பிறகு வந்த அலை, எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில், தென் சென்னையில் ஜனதா வேட்பாளராக செழியன், எதிரில் காங்கிரஸ் சார்பில் நடிகை வைஜெயந்திமாலா. ஏறக்குறைய 48,000 ஓட்டில் செழியன் தோற்றார். அந்தப் பிரசாரத்தில் அவர் தரப்பில் வைஜெயந்திமாலாவின் நாட்டியத்தை வைத்துத் தாழ்த்திப் பேசினார்கள் என்று படித்தேன். எனக்கு அது பிடிக்கவில்லை. இருபத்தொரு வருஷம் நாடாளுமன்றத்தில் உழைத்ததை எடுத்துச் சொன்னாலே போதுமாக இருந்திருக்கும். அதற்காக அந்தத் தோல்வி நல்லதாகப் போயிற்று என்றும் சொல்ல மாட்டேன், அந்த மக்களவையில் எதிர்க்கட்சி பெஞ்சில் அவர் இருந்திருக்க வேண்டும்.

சரி, நிழற்குடை.

தொகுதி மேம்பாட்டு நிதி 1993 டிசம்பரில் நரசிம்மராவ் கொண்டுவந்தது. முதலில் ஆளுக்கு 5 லட்சம், மறுவருஷமே ஒரு கோடி, 1998-இல் இரண்டு கோடி, 2011-லிருந்து வருஷத்துக்கு ஐந்து கோடி. ஆக, செழியன் எம்.பி.யாக இருந்த காலத்தில் இப்படி ஒரு நிதியே கிடையாது. சித்தப்பா கேட்ட செங்கல்லுக்கு நேரான பதில் இது. ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை, ஏனென்றால் இருந்திருந்தாலும் அவர் வேண்டாம் என்றிருப்பார். பதவியை விட்டு வந்த பிறகு இந்தத் திட்டத்தை எதிர்த்து அவர் தொடர்ந்து எழுதினார், தனிப் புத்தகமே போட்டார்.

அவருடைய வாதத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். அரசு செலவு செய்யும், நாடாளுமன்றம் கணக்குக் கேட்கும், அதுதான் ஏற்பாடு. கணக்குக் கேட்பவர் கையிலேயே கொஞ்சம் பணத்தைக் கொடுத்துச் செலவு செய் என்றால், அவர் செலவைப் பற்றி யார் கேட்பது? அடுத்து, அந்தச் சமயத்தில்தான் 73, 74-ஆவது திருத்தங்கள் வந்து ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் அரசியல் சட்டத்தில் இடம் கிடைத்தது. நிழற்குடையும் சின்டெக்ஸ் டேங்கும் குறுக்குச் சந்து சிமென்ட் ரோடும் ஊராட்சித் தலைவரின் வேலை, அதைப் பிடுங்கி டெல்லிக்குப் போகிறவர் கையில் கொடுத்தால் இரண்டு வேலையும் கெடும். 2002-இல் வந்த அரசியல் சட்ட மறுஆய்வு ஆணையமும் இந்தத் திட்டம் வேண்டாம் என்றது, 2007-இல் நிர்வாகச் சீர்திருத்த ஆணையமும் வேண்டாம் என்றது. 2010-இல் உச்சநீதிமன்றம் செல்லும் என்று சொல்லிவிட்டது. திட்டம் தொடர்கிறது.

நானும் அந்த நிழற்குடையில்தான் நின்றேன், வெயிலுக்கு அது வேண்டியதாகத்தான் இருந்தது. கட்டியவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு எம்.பி. கையில் வருஷத்துக்கு ஐந்து கோடி. 2024-25-இல் மத்திய அரசின் மொத்தச் செலவு மதிப்பீடு 48 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அந்த நாற்பத்தெட்டு லட்சம் கோடியைப் பார்க்கச் சொல்லித்தான் நாம் அனுப்புகிறோம், நாம் கேட்பதோ ஐந்து கோடியைப் பற்றி. காவிரிப் பாசனத்துக்கு வரும் நிதி, உரமானியம், நெல் கொள்முதல் விலை, நம் பக்கத்து ரயில் பாதை எல்லாம் அந்தப் பெரிய கணக்கில்தான் இருக்கிறது.

செழியன் கடைசிக் காலத்தில் வேலூரில் இருந்தார். வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தோடு தொடர்பு, அதன் வேந்தர் ஜி. விசுவநாதன் ஒரு காலத்தில் அவரோடு மக்களவையில் தி.மு.க. உறுப்பினராக இருந்தவர். 2017 ஜூன் 6 அன்று தன்னுடைய 94-ஆவது வயதில் இறந்தார். அன்றைய செய்தியில் எங்கள் ஊர்ப் பெயர் ஒரு வரியில் வந்தது, முன்னாள் கும்பகோணம் தொகுதி உறுப்பினர் என்று.

இதையெல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவிடம் உட்கார்ந்து சொன்னேன். முழுக்கக் கேட்டார். எமர்ஜென்சிப் பேச்சு பேப்பரில் வரவே இல்லை என்றபோது மட்டும், "எங்க யாருக்கும் தெரியாதேப்பா" என்று மெதுவாகச் சொன்னார். அப்புறம் நிழற்குடை விஷயத்தில் விட்டுக்கொடுக்கவில்லை, யார் கட்டினால் என்ன, ஜனங்களுக்கு நிழல் வேண்டுமே என்கிறார். ஊராட்சிக்கு அந்தப் பணத்தை நேராகக் கொடுத்தால் அவர்கள் கட்ட மாட்டார்களா என்றேன். கட்டுவார்களா என்று அவர் கேட்டார். அதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை, எங்கள் ஊராட்சியின் கிராம சபைக் கூட்டத்துக்கு நான் கடைசியாகப் போய் நான்கு வருஷம் ஆகிறது.

கிளம்பும்போது அந்தப் பழைய விவாதங்களைப் படிக்க முடியுமா என்று கேட்டார். எல்லாம் ஆங்கிலம், ஸ்கேனில் எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறது, அவருக்குக் கண் ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம்தான். நான் படித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். வருகிற ஞாயிறு சாயங்காலம் 1963 மொழி விவாதத்திலிருந்து ஆரம்பிக்கிறோம், கூட அவருடைய பழைய சைக்கிள் கோஷ்டியில் இன்னும் இருக்கும் இரண்டு பேரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.